வலை கட்ட வராத சனிக்கிழமை

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
26.11.1997

அன்புள்ள அக்கா,

யோகலிங்கம் எழுதுகிறேன். செய்தியை உங்களிடம் சேர்த்துவிட்டதாக வெள்ளவத்தையில் இருந்து ஆனந்தராஜா அண்ணை ரெலிபோனில் சொன்னார். அதற்குப் பிறகும் பேனையைத் தொட எனக்கு இத்தனை நாள் எடுத்துவிட்டது. சுகம் விசாரிக்கும் நிலையில் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

குகதாசனை நேற்று முன்தினம் தகனம் செய்தோம். திடீரென்று போனவர்களின் உடலை இங்கே சோதித்துப் பார்த்த பிறகுதான் தருவார்கள். அதனால்தான் பிந்தியது. மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள். நாற்பத்தொரு வயது. உரித்தான ஆள் இங்கே இல்லாதபடியால் கடமைகளை நானே செய்தேன். இங்கே கொள்ளி வைப்பதென்றால் ஒரு பித்தானை அமத்துவதுதான் அக்கா. அமத்திவிட்டு அப்படியே நின்றேன்.

நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவன் தனியே கிடந்து சாகவில்லை. வியாழக்கிழமை காலை நெஞ்சு நோகுது என்று எனக்கு ரெலிபோன் எடுத்தான். ஓடிப்போனேன். நான் போனபோது நினைவு இருந்தது. என் கையால் இரண்டு மிடறு தண்ணீர் குடித்தான். "அக்காவுக்குச் சொல்லு..." என்று தொடங்கினான். முடிக்கவில்லை. வேதனைப்பட்டதாகத் தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு எங்கள் ஆட்கள் ஒன்பது பேர்தான் வந்திருந்தோம். ஆனால் மண்டபம் நிறைந்திருந்தது. முப்பதுக்கு மேலே வெள்ளைக்காரர். அநேகமாக வயதுபோனவர்கள். கழுத்தில் பச்சையும் கறுப்புமாகக் கோடுபோட்ட சால்வை. பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். ஐயர் எழும்பச் சொன்னால் எழும்பினார்கள், இருக்கச் சொன்னால் இருந்தார்கள். முடிவில் ஒரு மனிசி தன் சால்வையைக் கழற்றி, மடித்து, பெட்டியின் கால்மாட்டில் வைத்தார்.

குரோய்டன் பக்கத்துச் சின்ன உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் ஆட்கள் அவர்கள். வாண்டில்சைட் றோவர்ஸ் என்று பெயர். ரீவியில் வருகிற கழகம் இல்லை. சனிக்கிழமைகளில் அவன் அங்கே போவது எனக்குத் தெரியும். அவனுக்காக அழ இத்தனை பேர் அங்கே இருப்பார்கள் என்று தெரியாது.

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ அக்கா.

உங்கள் தம்பி போன்ற,
யோகலிங்கம்

*

கொக்குவில்.
18.12.1997

அன்புள்ள தம்பி யோகலிங்கம்,

உன் கடிதம் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு நாள் முன்னம் கிடைத்தது. அன்றைக்கு வந்த சனம் எல்லாம் இருக்க, சாப்பாட்டுக்கு முன்னம் அதை நானே வாசித்தேன். தண்ணீர் கொடுத்த இடம் வந்தபோது செல்வரத்தினம் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அது காணும் பிள்ளை, அது போதும்" என்றார். எனக்கும் அப்படித்தான். செய்தி வந்த நாளில் இருந்து நான் கண்மூடவில்லை. உன் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் முதல் முதல் நித்திரை வந்தது. பெற்றவள் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியதை நீ செய்தாய். நல்லூருக்குப் போகும்போது உன் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஒவ்வொரு கடிதத்திலும் அவன் சுகமாய் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுவான், சனிக்கிழமை ஆட்டம் பற்றி ஒரு பக்கம் எழுதுவான். கலியாணப் பேச்சு ஏழு தரம் எழுதினேன். ஏழு தரமும் பந்துக் கதைதான் பதிலாக வந்தது. ஊரைவிட்டு ஓடி நாங்கள் சாவகச்சேரியில் அகதியாய்க் கிடந்தபோதும் அப்படி ஒன்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக, செப்ரெம்பரில், "இஞ்சை நாங்கள் சாகிறம், உனக்குப் பந்து. அப்பிடி என்னத்துக்கு அங்கை போறாய்?" என்று ஏசி எழுதினேன். அதற்கு அவன் பதில் போடவில்லை. அந்தக் கோபத்தோடுதான் போனானோ?

அந்த முப்பது பேரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்காக ஒரு சனிக்கிழமை அங்கே போய், அவன் என்னத்தைப் பார்த்தான் என்று பார்த்து எழுது. குளிர் என்று சாட்டுச் சொல்லாதே.

அருள்மலருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
சிவனேஸ்வரி

*

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
8.2.1998

அன்புள்ள அக்கா,

உங்கள் சொல்லைத் தட்டவில்லை. நேற்று வாண்டில்சைட் போய் வந்தேன்.

பலகை அரியும் மரக்காலை ஒன்றின் பின்னால் ஒரு மைதானம். ஒரு பக்கம் தகரக் கூரை, அதற்குக் கீழே மூன்று வரிசைக் கதிரை. மற்றப் பக்கங்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாசலில் ரிக்கற் கொடுக்கிறவர் லெஸ். முன்பு பஸ் ஓட்டியவர், எழுபது வயது இருக்கும். செத்தவீட்டில் அந்த ஆட்களுக்கு முன்னுக்கு நின்றவர். என்னைக் கண்டதும் எழும்பி நின்று கைதந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மழை தூறியது. என்னிடம் குடை இல்லை. பக்கத்தில் நின்ற கிழவர் தன் குடையின் பாதியை என் பக்கம் சரித்தார். முன்பின் தெரியாத ஆள். ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது வரை கேட்கிறது அக்கா. பந்து காலில் படும் சத்தம், கோல் காக்கிற கோலி தன் ஆட்களை ஏசுவது எல்லாம். அந்தக் கோலி ஒரு பிளம்பர். காலையில் வந்து கழகத்துக் கக்கூசில் குழாய் திருத்திவிட்டுத்தான் உடுப்பு மாற்றினானாம். இடது பக்கம் ஓடுகிற பொடியன் தபால்காரன். அன்று விடியக் கடிதம் கொடுத்த வீட்டுக்காரரே கம்பியில் நின்று அவனுக்குக் கத்துகிறார்கள். இடைவேளையில் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையோடு மற்றக் கோல் பக்கம் நடந்தார்கள். நான் விளங்காமல் நின்றேன். "இனி எங்கடை ஆக்கள் அந்தப் பக்கம்தான் அடிப்பினம், வாரும்" என்று கிழவர் கூட்டிக்கொண்டு போனார்.

குகதாசன் அங்கே சும்மா பார்க்கப் போகவில்லை. கோல் கம்பங்களுக்கு வலை கட்டுவது அவன் வேலை. சம்பளம் இல்லை, அங்கே ஒருவருக்கும் சம்பளம் இல்லை. ஆட்டம் தொடங்க ஒன்றரை மணித்தியாலம் முன்னம் வருவான். ஒவ்வொரு கொளுக்கியாக மாட்டி, கீழே கயிறு இழுத்து முடிவான். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து, ஈரம் போக விரித்து, மடித்து வைப்பான். அவன் வேலை செய்த பெற்றோல் செற்றில் சனிக்கிழமை ஷிப்ட் வராமல் இருக்க, மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அவனே செய்தானாம். நேற்று மூன்று பேர் சேர்ந்து கட்டிய வலை. எதிரணி அடித்த பந்து ஒன்று கோலுக்குள் போய், வலையின் ஓட்டையால் வெளியே ஓடிவிட்டது. ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்றுக்குச் சைபர் தோற்றார்கள். ஒருவரும் இடையில் எழும்பிப் போகவில்லை. முடிந்த பிறகு வென்றவர், தோற்றவர், பார்த்தவர் எல்லாம் ஒரே அறையில் இருந்து சிப்ஸ் சாப்பிட்டார்கள். தேத்தண்ணி போடுகிற டோறீன், அந்தச் சால்வை வைத்த மனிசிதான், என் கையைப் பிடித்து, "நீர் கூகாவின்ரை சிநேகிதன் என்ன?" என்று கேட்டார். அங்கே அவன் பெயர் கூகா. ஓம் என்றேன்.

ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தோம் அக்கா. "ஒருக்கா வாவன்ரா" என்று எத்தனை தரம் கூப்பிட்டான்! இந்தக் குளிருக்குள் விசரே என்று போர்த்துக்கொண்டு படுத்தேன். நேற்று அவனுடைய இடத்தில் போய் நின்றபோதுதான், எனக்கு அவனைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று விளங்கியது.

அன்புடன்,
யோகலிங்கம்

*

கொக்குவில்.
22.3.1998

அன்புள்ள தம்பி யோகலிங்கம்,

நீ நேரில் இருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவன் எழுதிய கடிதம் ஒன்று போன வியாழக்கிழமை வந்திருக்கிறது! நவம்பர் இரண்டாம் திகதி எழுதியது. உறையில் மூன்று இடத்து முத்திரை. எங்கெங்கே கிடந்ததோ. பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் கொண்டுவந்து தந்தார். எழுத்தைக் கண்டதும் பிள்ளைகளுக்கு முன்னால் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

என் ஏச்சுக்கு அவன் பதில் போட்டுத்தான் இருக்கிறான். நீயும் அறிய வேண்டும். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"அக்கா, என்னத்துக்குப் போறாய் என்று கேட்டிருந்தீர்கள். இந்தமுறை ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். எண்பத்தாறில் ஒரு செவ்வாய்க்கிழமை, குரோய்டனில் விசாக் கந்தோர் வாசலில் விடியவே வரிசையில் நின்றேன். பின்னேரம் வரை கேள்வி. பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, ஏன் வந்தாய், நீ சொல்வதை எப்படி நம்புவது. திரும்பி வா என்று ஒரு கடதாசி தந்து வெளியே விட்டார்கள். போக்கிடம் தெரியாமல் நடந்தேன். ஓரிடத்தில் நாலு கம்பத்தில் வெளிச்சம், ஆட்கள் கத்தும் சத்தம். வாசலில் நின்ற மனிசன், 'பாதி ஆட்டம் முடிஞ்சுது, சும்மா உள்ளை போ' என்றார். அன்று முழுவதும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காத ஆள் அவர்தான். அடுத்த கிழமையும் போனேன். 'போன கிழமையும் வந்தனீர் என்ன?' என்றார். நான் வந்ததை இந்த நாட்டில் ஒருவர் கவனித்திருந்தார் அக்கா. அதற்காகத்தான் போகிறேன். வெல்வது தோற்பது எல்லாம் பிறகு பழகியது. பெரிய கழகங்களுக்கு நாற்பதாயிரம் பேர் போவார்கள். அதற்குள் நான் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். எங்கள் மைதானத்தில் எண்பது பேர். ஒருவர் குறைந்தால் தெரியும்."

கடைசியில் உன்னைப் பற்றியும் இரண்டு வரி. "யோகனை அவன் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் பிறகு காணவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பிழை என்னிலும் இருக்கு. எடுத்துக் கதைக்கத்தான் வேணும்."

நீங்கள் இரண்டு பேரும் கோபமாய் இருந்தது எனக்கு ஒன்றும் தெரியாதே தம்பி. சின்னவயதிலும் நீங்கள் அப்படித்தான், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவீர்கள். கடிதம் எழுதிப் பதினொரு நாளில் அவன் போய்விட்டான். அதற்குள் ராசியாகி, கடைசி நேரத்தில் உன் கையால் தண்ணீரும் குடித்தானே, அதுவே கடவுள் செயல். எப்போது ராசியானீர்கள்? யார் முதலில் கதைத்தது? எல்லாம் விபரமாய் எழுது. அவனைப் பற்றி ஒரு சொல் கிடைத்தாலும் எனக்கு மிச்சம்தான்.

உன் அக்கா,
சிவனேஸ்வரி

*

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
3.5.1998

அக்கா,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இன்னொரு பொய் எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. எழுதியும் முடித்தேன். அருள்மலர் வாங்கி வாசித்துவிட்டு, "அந்த மனிசி இதையும் தலைமாட்டிலை வைச்சுப் படுக்கப் போறாவோ?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் ராசியாகவில்லை.

குடிபூரல் தொண்ணூற்றாறு செப்ரெம்பரில், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு முகூர்த்தம். பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வந்தான். சப்பாத்தெல்லாம் சேறு, கழுத்தில் அந்தச் சால்வை, கையில் கடதாசி சுற்றிய குத்துவிளக்கு. விளக்கைப் பகல் முழுவதும் டோறீனின் தேத்தண்ணிக் கடையில் வைத்திருந்தானாம். வீடு நிறையச் சனம், புதுக் கார்ப்பெற். எனக்கு வெட்கமாகிவிட்டது. "வெள்ளையள் பந்தடிக்கிறதைப் பாக்கிறதுக்கு என்ரை முகூர்த்தத்தை விட்டிட்டு நிண்டனியே? குடும்பம் இல்லாதவனுக்கு வீட்டின்ரை அருமை எங்கை விளங்கும்" என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "வலை கட்ட இண்டைக்கு வேறை ஆள் இல்லை மச்சான்" என்றான். விளக்கைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தான். நான் கதைக்கவில்லை. மூன்றாவது தரம் எடுத்தது நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை பின்னேரம். அருள்மலர்தான் எடுத்தாள். நான் சோபாவில் இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லு எனக் கையைக் காட்டினேன். "பரவாயில்லை, சும்மாதான் எடுத்தனான்" என்று வைத்துவிட்டான். நெஞ்சு நோவுக்கு எடுத்தானோ, ராசியாக எடுத்தானோ, இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை, அவன் தன் அறையில் தனியாகத்தான் செத்தான். தண்ணீர் கொடுக்க யாரும் இல்லை. அக்காவுக்குச் சொல்லு என்று அவன் தொடங்கவும் இல்லை. எல்லாம் நான் எழுதியது. வெள்ளியும் கிடந்தான். பெற்றோல் செற்றில், சுகமில்லையாக்கும் என்று வேறு ஆளைப் போட்டார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வலை கட்டாமல் கம்பங்கள் வெறுமையாய் நின்றதைக் கண்டு லெஸ்தான் பயந்திருக்கிறார். பதினொரு வருஷத்தில் அவன் வராத முதல் சனிக்கிழமை. வாசலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் வருத்தத்தோடு ஒரு மைல் நடந்து போய்க் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. பொலிஸைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து உடைக்கும்வரை வாசற்படியிலேயே இருந்தார். முதலில் உள்ளே போனதும் அவர்தான். ரெலிபோனுக்குப் பக்கத்தில் சுவரில் என் நம்பர் எழுதியிருந்ததாம். அதை வைத்துத்தான் பொலிஸ் எனக்கு எடுத்தது.

செத்தவீட்டில் லெஸ் இதில் ஒன்றையும் என்னிடம் கேட்கவில்லை. மைதானத்திலும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

யோகலிங்கம்

*

கொக்குவில்.
21.6.1998

திரு. யோகலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்குத் தனியாக எழுத என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை.

இத்துடன் வருவது லெஸ் ஐயாவுக்கு. இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுத எனக்கு வராது. ஓகஸ்டில் ஆட்டங்கள் திரும்பத் தொடங்கும் என்று தம்பியின் கடிதங்களில் படித்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை போய், அவருக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லும் விடாமல் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். இதை மட்டும் செய்தால் போதும்.

சி. சிவனேஸ்வரி

*

மதிப்புக்குரிய லெஸ் ஐயாவுக்கு,

நான் குகதாசனின் அக்கா. அவன் எனக்குப் பத்து வயது இளையவன். நடக்கப் பழக்கியது நான்தான்.

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்வதில்லை. வாங்கோ என்றும் சொல்வதில்லை, போய்வாருங்கோ என்றும் சொல்வதில்லை. அதனால் உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் யோசித்தேன்.

இங்கே வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத பிள்ளைகள் நிறையப் பேர். என்னோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் தன் மகனைத் தேடி இரண்டு வருஷமாய் ஒவ்வொரு ஆமிக் காம்ப் வாசலிலும் நிற்கிறார். அவன் எங்கே என்று ஒருவரும் அவருக்குச் சொல்வதில்லை. என் தம்பி வரவில்லை என்று கண்டு, அவனைத் தேடி ஒருவர் போயிருக்கிறார். கதவு திறக்கும்வரை வாசலில் இருந்திருக்கிறார். அந்த ரீச்சருக்கு இதைச் சொன்னேன். உங்கள் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டார்.

உங்களுக்கு இந்த வயதில் அந்தக் காட்சியைக் காண நேர்ந்ததே என்று கவலைப்படுகிறேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். அவன் முகம் எப்படி இருந்தது? சொல்லக்கூடியதாய் இருந்தால் சொல்லுங்கோ. உள்ளதையே சொல்லுங்கோ. ஆறுதலுக்காக ஒன்றும் வேண்டாம்.

இதை வாசிக்கிறவர் என் தம்பியோடு சின்னவயதில் இருந்து திரிந்தவர். இந்த இடத்தில் நிறுத்தினால், தொடர்ந்து வாசிக்கச் சொல்லுங்கோ. அவர் எனக்குப் பொய் எழுதினார். அதை நம்பி நான் ஐந்து மாதம் நித்திரை கொண்டேன். பிறகு உண்மையை எழுதினார். அதற்குப் பிறகு நித்திரை இல்லை. அவரை மன்னிக்க என்னால் ஏலாமல் இருக்கிறது. முயன்று பார்த்தேன். நானும்தான் அவனுக்கு ஏசி எழுதினேன், நானும்தான் விளங்காமல் இருந்தேன். அப்படி இருந்தும் ஏலவில்லை.

ஆனால் என் தம்பி கடைசியாகக் கதைக்க நினைத்தது இவரோடுதான். அந்த ஒரு காரணத்துக்காக, இவரைத் தனியே விடவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கோ தூரத்தில் இருக்கிற என்னால் இவருக்கு ஒன்றும் செய்ய ஏலாது. உங்களால் ஏலும். சனிக்கிழமைகளில் அங்கே வரச் சொல்லுங்கோ. வலை கட்டக் காட்டிக் கொடுங்கோ. வந்துகொண்டிருந்தவர் ஒருநாள் வராவிட்டால், ஐயா, அவருடைய கதவையும் போய்த் தட்டுங்கோ.

இப்படிக்கு,
குகதாசனின் அக்கா,
சிவனேஸ்வரி